பாத்ரூம்ல கேஸ் கீசர்: எரிஞ்ச காத்து வெளிய போற வழி பத்தி கேட்ட தம்பிக்கு

தம்பி, மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், இதை முழுசா படிச்சி முடிக்கிற வரைக்கும் கூட காத்திருக்க வேணாம். இன்னைக்கு சாயங்காலத்துல இருந்து அந்த கீசர் எரியும்போது பாத்ரூம் கதவை சாத்திகினு யாரும் உள்ள நிக்கக்கூடாது. கதவை திறந்து வச்சி பக்கெட்ல சுடுதண்ணி பிடிங்க, கீசரை ஆஃப் பண்ணுங்க, ரெகுலேட்டரை மூடுங்க, அந்த வென்டிலேட்டர்ல ஒட்டின டேப்பை கிழிச்சி ஒரு 10 நிமிஷம் காத்து ஓட விடுங்க, அப்புறம் உள்ள போய் தாழ் போட்டுகினு குளிக்கட்டும். நிரந்தர வேலை முடியிற வரைக்கும் இதான் ரூல், குழந்தைக்கு, வயசானவங்களுக்கு, மாசமா இருக்கிறவங்களுக்கு எல்லாம் சேர்த்து.

மத்தவங்க படிச்சா புரியணும்னு நீங்க கேட்டதை சுருக்கமா சொல்லிடறேன். வேலூர் சத்துவாச்சாரில மாடி போர்ஷன், வாடகை வீடு. 5க்கு 7 அடி பாத்ரூம், உள்ளயே ஷவர் பக்கத்து செவுத்துல 6 லிட்டர் கேஸ் கீசர். கொசு வருதுன்னு வென்டிலேட்டர் கண்ணாடி பட்டை எல்லாம் சாத்தி டேப் ஒட்டியாச்சு. உங்க வீட்டம்மா வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சி தலைக்கு குளிச்சிட்டு வந்தா தலை சுத்துது, ரெண்டு தடவை வாந்தி, ஒரு தடவை கதவுகிட்டயே உக்காந்துட்டாங்க, டாக்டர்கிட்ட போனா பிபி லோன்னு மாத்திரை. மேஸ்திரி 2 இஞ்ச் பிவிசி பைப் ஒன்னு கீசர் தலையில மாட்டி வெளிய விட்டுடலாம்னு சொல்றாரு. ஹவுஸ் ஓனர் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோங்கன்னு சொல்றாரு. மிச்சிகன்ல இருக்கிற உங்க அக்கா, எங்க வீட்டு ஃபர்னஸ்லயும் (குளிருக்கு வீட்டை சூடாக்கற கேஸ் மெஷின்) வெள்ளை பிவிசி பைப் தானே வெளிய போகுதுன்னு போட்டோ அனுப்பி இருக்காங்க. இதுல எதை செய்யறதுன்னு கேக்கறீங்க.

மேஸ்திரி சொன்னதும் வேணாம், ஓனர் சொன்னதும் வேணாம். அக்கா சொன்னது அவங்க வீட்டுக்கு சரி, உங்க கீசருக்கு ஆபத்து. ஏன்னு ஒன்னொன்னா சொல்றேன்.

என்னை பத்தி ஒரு வரி, ஏன்னா நீங்க யாரை நம்பறீங்கன்னு தெரியணும். நான் காட்பாடி. ஐடிஐ முடிச்சிட்டு இங்கயே கொஞ்ச வருஷம் கேஸ் அடுப்பு, கீசர் மாட்டற வேலை, அப்புறம் கனடால 9 வருஷம் ஹீட்டிங் டெக்னீஷியன், வீட்டு ஃபர்னஸ் தான் முழு நேர வேலை, இப்ப திரும்பி வந்து இங்க கேஸ் லைன் வேலை பாக்கறேன். வெளிநாடு போறதுக்கு முன்னாடி நானே எத்தனையோ வீட்ல பாத்ரூம் உள்ள கீசர் மாட்டி குடுத்திருக்கேன், கஸ்டமர் சொன்ன எடத்துல துளை போட்டு மாட்டிட்டு காசு வாங்கிகினு வந்துடுவேன். அங்க போய் ட்ரெயினிங்ல உக்காந்தப்ப தான் நான் இன்னா பண்ணிட்டு வந்திருக்கேன்னு புரிஞ்சிது, அந்த ராத்திரி தூக்கம் வரல. திரும்பி வந்ததும் ஞாபகம் இருந்த வீடு எல்லாம் தேடி போய் சொன்னேன், சிலர் மாத்தினாங்க, சிலர் "இத்தினி வருஷம் ஒன்னும் ஆவலியேப்பா"ன்னு அனுப்பிட்டாங்க. அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

சரி, அந்த சின்ன பெட்டி எவ்ளோ காத்தை சாப்பிடுதுன்னு கணக்கு போட்டு பாருங்க. 6 லிட்டர் கீசர் முழுசா எரிஞ்சா ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 1 கிலோ கேஸ். கிச்சன் அடுப்புல 4, 5 பெரிய பர்னரை ஒண்ணா ஃபுல்லா வச்ச மாதிரி, நீங்க கிச்சன்ல கூட அப்படி எரிய விட மாட்டீங்க. 1 கிலோ எல்பிஜி நல்லா எரியணும்னா 12, 13 கன மீட்டர் காத்து வேணும். உங்க பாத்ரூம் 5க்கு 7, உயரம் 9 அடின்னு வச்சிகினா மொத்தமே 315 கன அடி, அதாவது 9 கன மீட்டர் கூட முழுசா வராது. எண்ணெய் போவ சீயக்காய் தேச்சி 20 நிமிஷம் தண்ணி ஓடுதுன்னா அந்த நேரத்துல கீசருக்கு தேவை 4 கன மீட்டருக்கு மேல, ரூம்ல இருக்கிற காத்துல பாதி. கதவு அடியில இருக்கிற சந்து வழியா கொஞ்சம் வரும், அவ்ளோ தான்.

காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம். அது 18, 19க்கு இறங்கும்போதே நெருப்பு ஒழுங்கா எரியாது. ஒழுங்கா எரிஞ்சா வர்றது கார்பன் டை ஆக்சைடும் தண்ணி ஆவியும். ஒழுங்கா எரியலன்னா கார்பன் மோனாக்சைடு, அதாவது சிஓ வர ஆரம்பிக்கும். அந்த கெட்ட காத்தே திரும்ப பர்னருக்கு போகும், இன்னும் மோசமா எரியும், இன்னும் அதிகமா சிஓ வரும். இது படிப்படியா ஏறாது, கடைசி சில நிமிஷத்துல சர்ருனு ஏறும். அதனால தான் 5 நிமிஷத்துல குளிச்சிட்டு வர்ற நீங்க நல்லா இருக்கீங்க, 25 நிமிஷம் தலைக்கு குளிக்கிற வீட்டம்மா மயங்கறாங்க. ஒரே பாத்ரூம், ஒரே கீசர்.

சிஓக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. கேஸ் லீக் ஆனா நாத்தம் வருமேன்னு கேப்பீங்க. எல்பிஜிக்கு சொந்தமா வாசனை இல்ல, லீக்கை கண்டுபிடிக்கணும்னு மெர்காப்டன்ற நாத்த பொருளை கலந்து விடறாங்க. கேஸ் எரியும்போது அந்த நாத்தமும் சேர்ந்து எரிஞ்சி போயிடும். அதனால மூக்கை நம்பி ஒன்னும் ஆவாது. ரத்தத்துல ஹீமோகுளோபின் ஆக்சிஜனை பிடிக்கிறதை விட சிஓவை 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சிக்கும். மொதல்ல தலைவலி, தலை சுத்தல், குமட்டல், கால் துவண்டு போறது. கதவு திறக்கணும்னு மனசு சொல்லும், கை போகாது. தாழ்ப்பாள் பக்கத்துலயே இருந்தும் திறக்க முடியாம விழுந்துடுவாங்க.

"வென்டிலேட்டர் தான் இருக்கே"ன்னு ஓனர் சொன்னாருன்னு எழுதி இருக்கீங்க. வேலூர்ல வெயில் காலத்துல கதை வேற, சித்திரை வைகாசில கேஸ் கீசரை எவனும் தொடறதில்ல, கதவு ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும். மார்கழி, தை மாசம் தான் பிரச்சனை. விடிகாலை குளிர்ல ஒரு ஈ போற சந்து கூட இல்லாம அடைச்சிட்டு தான் குளிப்பாங்க, கீசரும் அப்ப தான் அதிகமா எரியும். சரி வென்டிலேட்டர் திறந்தே இருக்குன்னு வச்சிக்குங்க, அப்பவும் பத்தாது. அது ஒரு ஓட்டை. சூடான கெட்ட காத்து மேல வழியா வெளிய போகணும்னா அதே அளவு நல்ல காத்து கீழ வழியா உள்ள வரணும். சொம்பை தண்ணில கவுத்து அமுக்கினா காத்து வெளிய போக முடியாம தண்ணி உள்ள வராதே, அந்த மாதிரி தான். மேல ஒன்னு, கீழ ஒன்னு, ரெண்டும் வெளிக்காத்துக்கு திறந்து இருக்கணும்.

இப்ப எக்ஸாஸ்ட் ஃபேன். இதை கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா நல்லது பண்றதா நினைச்சி நிறைய பேர் இதை தான் போடறாங்க.

மூணு வருஷம் முன்னாடி சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து சந்துல ஒரு லாட்ஜ்ல கூப்பிட்டாங்க. வெளி மாநிலத்துல இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்க மாசக்கணக்குல தங்கற எடம். பேஷன்ட் கூட வந்த ஒரு அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, நல்ல வேளை பொண்ணு வெளிய இருந்து கதவை இடிச்சி திறந்துடுச்சி. ஓனர் ஒன்னும் அலட்சியமான ஆள் இல்ல, சிம்னி பைப் வைக்கிற மாடல் கீசரா பார்த்து வாங்கி, 4 இஞ்ச் தகர பைப் போட்டு மேல வரைக்கும் கொண்டு போயிருக்காரு, அதுக்கு மேல பத்திரம்னு வென்டிலேட்டர்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வேற. எல்லாம் இருந்தும் ஏன் விழுந்தாங்கன்னு அவருக்கு புரியல.

நான் பையில எப்பவும் ஒரு ஊதுபத்தி கட்டு வச்சிருப்பேன். கதவை திறந்து வச்சிட்டு கீசரை ஆன் பண்ணேன், ரெண்டு நிமிஷம் சூடாக விட்டேன். கீசர் தலையில பைப் சேர்ற எடத்துக்கு கீழ சுத்தி ஒரு திறப்பு இருக்கும், டிராஃப்ட் ஹூட்னு சொல்லுவோம், அங்க ஊதுபத்தியை பிடிச்சேன். புகை நூல் மாதிரி நேரா போய் அந்த திறப்புக்குள்ள நுழைஞ்சி காணாம போச்சு. நல்லா இழுக்குதுன்னு அர்த்தம். அப்புறம் கதவை சாத்த சொன்னேன், அந்த கதவுக்கு கீழ கரப்பான் வராம இருக்க ரப்பர் பட்டை அடிச்சி இருந்தாங்க. ஃபேனை போட சொன்னேன். ஒரு பத்து செகண்ட் தான் இருக்கும், புகை நூல் ஆடுச்சி, வளைஞ்சிது, படுத்துச்சி, அப்புறம் அந்த திறப்புல இருந்து சூடான காத்து வெளிய வந்து புகையை என் மூஞ்சில அடிச்சிது. மூக்கு கண்ணாடி ஆவி பிடிச்சி வெள்ளையாயிடுச்சி. உடனே கீசரை ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்துட்டோம். மறுபடி பண்ணப்ப கதவை நாலு விரக்கடை மட்டும் திறந்து வச்சோம், புகை திரும்ப நேரா மேல போச்சு. ஓனர் பக்கத்துலயே நின்னு பார்த்தாரு, ஒரு வார்த்தை பேசல.

நடந்தது இன்னான்னா, ஃபேன் காத்தை வெளிய தள்ளுது. வெளிய போன காத்துக்கு பதிலா எங்க இருந்தாவது உள்ள வந்தே ஆவணும். கதவு அடைப்பு, ஜன்னல் அடைப்பு, மிச்சம் இருக்கிற ஒரே வழி கீசரோட புகை பைப். அதனால மேல போக வேண்டிய கெட்ட காத்து பைப் வழியா தலைகீழா கீழ இறங்குது, குளிக்கிறவங்க தலை மேலயே. சூடான காத்து தானா மேல போற சக்தி ரொம்ப கொஞ்சம் தான், ஒரு சின்ன ஃபேன் கூட அதை ஜெயிச்சிடும். கனடால ஃபர்னஸ் சர்வீஸ்ல இதே டெஸ்ட் தான் பண்ணுவோம், வீட்டு கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, கிச்சன் சிம்னி, பாத்ரூம் ஃபேன், துணி காயவைக்கிற மெஷின் எல்லாத்தையும் ஓட விட்டு, அப்பவும் புகை பைப் மேல தான் இழுக்குதான்னு பாக்கணும். அதனால உங்க ஓனர்கிட்ட சொல்லுங்க, உள்ள கீசர் எரியிற பாத்ரூம்ல ஃபேன் போடறது பாதுகாப்பு இல்ல. கீசரை எடுத்த அப்புறம் ஈரம் போக ஃபேன் போட்டுக்கலாம், தாராளமா. அந்த லாட்ஜ்ல கீசர் எல்லாத்தையும் பின்பக்கம் திறந்த வராண்டாவுக்கு மாத்தினோம்.

இப்ப மேஸ்திரி சொன்ன பைப். உங்க 6 லிட்டர் கீசர் மேல பாருங்க, வட்டமா பைப் மாட்டற காலர் இருக்கா, இல்ல வெறும் நீள நீளமா வெட்டு விட்ட தகர மூடியா? நீங்க அனுப்பின போட்டோல வெறும் வெட்டு தான் தெரியுது. அப்படின்னா அது புகை பைப்புக்கு செஞ்ச மாடலே இல்ல, எரிஞ்ச காத்தை அது நிக்கிற எடத்துலயே விடும், அதனால அது நிக்கிற எடம் வெளியா இருக்கணும். பெட்டியோட வந்த புக்குல பாத்ரூமுக்குள்ள மாட்டாதீங்கன்னு போட்டிருக்கும், யாரும் படிக்கிறதில்ல. இது மேல தகரத்துல குல்லா மாதிரி செஞ்சி பைப் சொருகினா சரியா இழுக்காது, உள்ளயே முட்டிகினு சிஓ ஜாஸ்தியாகும். அதுவும் 2 இஞ்ச் பைப்ன்றீங்க. 4 இஞ்ச் பைப்போட வாயில 2 இஞ்ச் பைப் கால் பங்கு தான், பாதின்னு நினைக்காதீங்க.

பிவிசி விஷயம். இந்த மாதிரி கீசர்ல இருந்து வர்ற எரிஞ்ச காத்து 150 டிகிரியை சாதாரணமா தாண்டும். பிவிசி 80 டிகிரி கிட்ட வந்தாலே இளக ஆரம்பிச்சிடும். தொங்கும், வளையும், ஜாயின்ட் விட்டுடும், உள்ள எங்கயோ செவுத்துக்குள்ள விட்டா உங்களுக்கு தெரியவே தெரியாது.

அப்போ அக்கா வீட்ல எப்படி போகுதுன்னா, அது ரொம்ப வேற மாதிரி மெஷின். பழைய ஃபர்னஸ் எல்லாம் கேஸ்ல இருக்கிற சூட்டுல 80 சதவீதம் எடுத்துகினு மிச்சத்தை புகையோட மேல விடும், அதுக்கு இரும்பு தகர பைப் தான், கூரைக்கு மேல வரைக்கும். புதுசு 90 சதவீதத்துக்கு மேல எடுக்கும். எப்படின்னா புகையை ரெண்டாவது தடவையும் ஒரு கூண்டுக்குள்ள சுத்த விட்டு, அதுல இருக்கிற தண்ணி ஆவியே தண்ணியா மாறி சொட்டற அளவுக்கு சூட்டை உறிஞ்சிடும். வெளிய வர்ற காத்து தொட்டு பாக்கற அளவு வெதுவெதுப்பு தான், அதனால பிவிசி தாங்கும். அதோட தானா மேல போற சக்தியும் போயிடுச்சி, அதனால உள்ள ஒரு சின்ன மோட்டார் ஃபேன் அதை தள்ளி விடும். பெரும்பாலும் ரெண்டு வெள்ளை பைப் பார்க்கலாம், ஒன்னு எரிஞ்ச காத்து வெளிய போக, இன்னொன்னு எரியறதுக்கு காத்து வெளிய இருந்து உள்ள வர. வீட்டுக்குள்ள இருக்கிற காத்தை அது தொடறதே இல்ல. நான் மேல சொன்னேனே வெளிய போக ஒரு வழி உள்ள வர ஒரு வழின்னு, அதையே பைப் போட்டு செஞ்சிட்டாங்க.

அக்காகிட்ட மறக்காம இதை சொல்லுங்க. அந்த வெள்ளை பைப் ஃபர்னஸ் பக்கம் சரிவா இருக்கணும், அடிக்கு கால் இஞ்ச், அப்ப தான் உள்ள சொட்டற தண்ணி திரும்பி வடிகாலுக்கு போகும், நடுவுல தொங்கினா தண்ணி தேங்கி அடைச்சிக்கும். வெளிய பைப் முனை பனி குவியற உயரத்துக்கு ஒரு அடியாவது மேல இருக்கணும். ராத்திரி பனிப்புயல் அடிச்சா காலைல மொத வேலையா போய் பைப் வாயை பனி மூடி இருக்கான்னு பார்த்து கையால தள்ளி விடணும். அடைச்சிகினா உள்ள ஒரு பிரஷர் சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்திடும், அது நல்லதுக்கு தான், ரீசெட் பண்ணிகினே இருக்கக்கூடாது. இன்னொன்னு, பழைய ஃபர்னஸை எடுத்துட்டு புதுசு போட்ட வீடா இருந்தா, முன்னாடி ரெண்டும் சேர்ந்து விட்ட பெரிய சிம்னில இப்ப வாட்டர் ஹீட்டர் மட்டும் தனியா மாட்டி இருக்கான்னு பாக்க சொல்லுங்க. பெரிய சிம்னியை அந்த சின்ன நெருப்பால சூடாக்க முடியாம புகை திரும்பி பேஸ்மென்ட்ல இறங்கும், நான் பார்த்த பிரச்சனைல பாதி இது தான். குளிர்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவை டெக்னீஷியன் வந்து பாக்கணும், ஒவ்வொரு மாடியிலயும், படுக்கற ரூம் கிட்டயும் சிஓ அலாரம் இருக்கணும்.

நம்ம வீட்டுக்கு வருவோம். நீங்க செய்ய வேண்டியது ஒன்னு தான், கீசரை வெளிய மாட்டி சுடுதண்ணியை மட்டும் உள்ள கொண்டு வரணும். உங்க பாத்ரூம் செவுத்துக்கு பின்னாடி துணி துவைக்கிற எடம், இரும்பு படி பக்கம் திறந்த வெளின்னு எழுதி இருக்கீங்க, அது போதும். சன்ஷேடுக்கு கீழ, மழை சாரல் அடிக்காத பக்கமா மாட்டுங்க. அங்க இருந்து அரை இஞ்ச் சிபிவிசி பைப்ல சுடுதண்ணி லைன் உள்ள. சாதா பிவிசி சுடுதண்ணிக்கும் ஆவாது, சிபிவிசின்னு கேட்டு வாங்கணும். 10 அடி அரை இஞ்ச் பைப்புக்குள்ள நிக்கிற தண்ணி அரை லிட்டர் கூட வராது, ஒரு சொம்பு பச்சை தண்ணி வந்து அடுத்து சூடு வந்துடும். சூடு கொறையுமேன்னு பயப்பட வேணாம்.

மொட்டை மாடில மாட்டலாமான்னு யாராவது சொல்லுவாங்க, வேணாம். டேங்க் பக்கத்துலயே இருந்தா தண்ணி பிரஷர் கிடைக்காது, கீசர் பத்தாது, டக் டக்குனு அணைஞ்சி அணைஞ்சி எரியும். வெளிய மாட்டறோம்னு சொல்லி காத்துக்கு அணையுதுன்னு நாலு பக்கமும் தகரம் அடிச்சி பெட்டி மாதிரி மூடறவங்களும் இருக்காங்க, அப்போ திரும்பவும் அதே அடைச்ச ரூம் தான். காத்து அடிக்கிற ஒரு பக்கம் மட்டும் மறைப்பு போதும். கீசருக்கு நேர் மேலயோ ஒட்டினாப்லயோ படுக்கற ரூம் ஜன்னல், பாத்ரூம் வென்டிலேட்டர் இருக்கக்கூடாது, சூடு காத்து நேரா அதுக்குள்ள போயிடும். சிலிண்டரை நிமுத்தி வையுங்க, பள்ளத்துலயோ தண்ணி போற கால்வாய் பக்கத்துலயோ வைக்காதீங்க, எல்பிஜி காத்தை விட கனம், லீக் ஆனா கீழ போய் தேங்கும். டியூப் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட சுரக்ஷா டியூப், ஒன்றரை மீட்டருக்கு மேல வேணாம், மேல அச்சடிச்ச தேதி பார்த்து 5 வருஷத்துல மாத்துங்க. கிச்சன் சிலிண்டர்ல டீ ஜாயின்ட் போட்டு ரெண்டா பிரிச்சி இழுக்கற வேலைக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, எந்த பிளம்பர் சொன்னாலும்.

வெளிய எடமே இல்லாத வீடும் இருக்கு, நம்ம வேலூர் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கம் ஒட்டு ஒட்டா கட்டின பழைய வீட்ல எல்லாம் அப்படி தான். அவங்களுக்கு என் பதில் கரன்ட் கீசர். வேற வழி தேடி மண்டையை உடைச்சிக்க வேணாம், ஒரு 15 லிட்டர் டேங்க் கீசர், நல்ல எர்த்தோட, முடிஞ்சிது. சொந்த வீடு, மாடில வெயில் படற எடம் இருந்தா சோலார், நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம். கேஸ் தான் வேணும்னா காலர் வச்ச, சிம்னி பைப்புக்குன்னே செஞ்ச மாடலா வாங்கி, பாத்ரூம் இல்லாத வேற எடத்துல, 4 இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) இல்லன்னா ஸ்டெயின்லெஸ் பைப், காலர் அளவுக்கு கொறையாம, கீசர்ல இருந்து மொதல்ல நேரா மேல ஒரு அடியாவது ஏறி அப்புறம் தான் எல்போ, படுக்கை வாட்டுல போற பகுதி வெளிய நோக்கி ஏத்தமா, முனைக்கு மழை குல்லா. அந்த ரூமுக்கு கீழ ஒன்னு மேல ஒன்னு 6க்கு 8 இஞ்ச் திறப்பு, வெளிக்காத்துக்கு. குளவி கூடு கட்டும், மைனா வைக்கோல் திணிக்கும், அதனால மார்கழிக்கு முன்னாடி ஒரு தடவை கழட்டி பாக்கணும். இவ்ளோ வேலைக்கு கரன்ட் கீசரே தேவலைன்னு உங்களுக்கே தோணும், எனக்கும் அதான் தோணுது.

வெளிய மாட்டிட்டா மறந்துடலாமான்னா இல்ல. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, பக்கெட் ஓரம் வெள்ளையா படியுதில்ல, அதே படிவு கீசருக்குள்ள காப்பர் சுருள்லயும் படியும். வெளிப்பக்கம் சீப்பு பல் மாதிரி இருக்கிற தகட்டுல கரியும் தூசியும் அடைக்கும், எரிஞ்ச காத்து மேல போக முடியாம பக்கவாட்டுல வழியும். வருஷம் ஒரு தடவை கழட்டி சுத்தம் பண்ணுங்க. சின்ன கண்ணாடி ஜன்னல்ல நெருப்பை பாருங்க, நீலமா நிக்கணும், மஞ்சளா நாக்கு நீட்டினாலோ பெட்டி மேல கருப்பு படிஞ்சாலோ அன்னைக்கே நிறுத்துங்க. ஆனா நீலமா எரியுது அதனால உள்ளயே வச்சிக்கலாம்னு நினைக்காதீங்க, நல்ல நீல நெருப்பும் காத்து தீர்ந்தா மாறிடும். 20 நிமிஷத்துல தானா அணையிற டைமர் இருக்கேன்னு சொல்லுவாங்க. குழாயை மூடி திறந்தா திரும்ப 20 நிமிஷம் ஓடும், அதுல இன்னா பாதுகாப்பு இருக்கு.

அலாரம் வாங்கறதுன்னா பேரை பார்த்து வாங்குங்க. கடைல கேஸ் அலாரம்னு கேட்டா எல்பிஜி லீக் அலாரம் குடுப்பாங்க, அது தரை கிட்ட மாட்டறது, சிஓக்கு சத்தமே போடாது. உங்களுக்கு வேணும்னா கார்பன் மோனாக்சைடு அலாரம்னு எழுதி இருக்கணும், படுக்கற ரூம்ல தலை உயரத்துலயோ மேலயோ, ஆவி அடிக்கிற பாத்ரூம் உள்ள வேணாம்.

இப்ப வீட்டம்மா விஷயம், இதை தான் நான் ரொம்ப முக்கியமா சொல்லணும்னு நினைச்சேன். நாளைக்கே டாக்டர்கிட்ட போய் "மூடின பாத்ரூம்ல கேஸ் கீசர் எரியும்போது தான் மயக்கம் வருது, வெளிய வந்தா சரியாகுது"ன்னு இந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா அவங்களுக்கு தெரிய வழியில்ல. நம்ம நாட்டு நரம்பு டாக்டருங்க கேஸ் கீசர் சிண்ட்ரோம்னே இதுக்கு பேர் வச்சி எழுதி இருக்காங்க, சிலருக்கு வலிப்பு மாதிரியே கை கால் இழுத்து, அதுக்கு வருஷக்கணக்குல மாத்திரை சாப்பிட்டு இருந்திருக்காங்க. விரல்ல கிளிப் மாட்டி ஆக்சிஜன் பாக்கற மெஷின் இதுல ஏமாத்தும், சிஓ பிடிச்ச ரத்தத்தையும் ஆக்சிஜன் இருக்கிற ரத்தம்னு நினைச்சி 98 காட்டும். ரத்தம் எடுத்து கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது சிஓ பிடிச்ச ஹீமோகுளோபின் எவ்ளோன்னு பாக்கணும், அதுவும் சம்பவம் நடந்த உடனே. சாதா காத்துல அது பாதியாக 4, 5 மணி நேரம் ஆகும், மாஸ்க்ல முழு ஆக்சிஜன் குடுத்தா ஒன்னு ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும், அதனால மறுநாள் போனா டெஸ்ட்ல ஒன்னும் இருக்காது.

யாராவது உள்ள விழுந்துட்டா, மூச்சை பிடிச்சிகினு போய் கதவை முழுசா திறங்க, ஆளை காத்தாட வெளிய இழுங்க, அப்புறம் தான் கீசர், சிலிண்டர் எல்லாம். 108க்கு போன் பண்ணுங்க. தண்ணி தெளிச்சி, சோடா குடுத்து, எழுந்துட்டாங்க பரவால்லன்னு வீட்லயே படுக்க வைக்காதீங்க, எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரி போகணும். கேஸ் நாத்தம் வந்தா அது வேற பிரச்சனை, சுவிட்ச் எதையும் தொடாம ரெகுலேட்டரை மூடிட்டு 1906க்கு போன் பண்ணலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. பாத்ரூம் தாழ்ப்பாளை வெளிய இருந்து காசு வச்சி திருப்பற மாதிரி மாடல் கிடைக்கிது, குழந்தை இருக்கிற வீட்ல அதை மாட்டிடுங்க.

ஓனர்கிட்ட எப்படி பேசறதுன்னு கேட்டீங்க. சண்டை போட வேணாம். ஒரு ஊதுபத்தி எடுத்துகினு அவரை கூப்பிட்டு காட்டுங்கன்னு சொல்ல வந்தேன், ஆனா உங்க மாடல்ல பைப்பே இல்ல, அதுல காட்ட ஒன்னும் இல்ல, அதுக்காக கதவை சாத்தி கீசரை எரிய விட்டு டெஸ்ட் எல்லாம் பண்ணிடாதீங்க. கீசரோட வந்த புக்கை தேடி எடுத்து, எங்க மாட்டணும்னு போட்டிருக்கிற பக்கத்தை அவரை படிக்க சொல்லுங்க. செவுத்துல ஒரு துளை, 10 அடி சிபிவிசி, ரெண்டு வால்வு, அரை நாள் கூலி, இதுக்கு மேல செலவு இல்லன்னு சொல்லுங்க. அவர் மாட்டேன்னா உங்க காசுலயே பண்ணிடுங்க, காலி பண்ணும்போது கணக்கு பார்த்துக்கலாம்.

பின்னாடி துவைக்கிற எடத்து செவுத்தை பகல் வெளிச்சத்துல ரெண்டு போட்டோ எடுத்து போடுங்க, ஒன்னு தூரத்துல இருந்து, மேல ஜன்னல் சன்ஷேடு எல்லாம் தெரியிற மாதிரி, இன்னொன்னு தண்ணி லைன் வர்ற எடத்தை கிட்ட இருந்து. எந்த உயரத்துல துளை போடணும், எந்த பக்கம் சிலிண்டர் நிக்கணும்னு மார்க் பண்ணி அனுப்பறேன்.